கழுவும் இயந்திரம்: தனியே வாங்கினால் சுமை, சேர்ந்து வாங்கினால் லாபம்



வேதாரண்யம் வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடை நடத்துவோரும், கோடியக்கரை வரையிலான பட்டறைகளுக்கு ஆயில், கிரீஸ் வகையறாக்களை மொத்தமாக அனுப்புவோரும் ஒரு கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறோம். "அல்ட்ராசோனிக் கிளீனர் என்று ஒரு மெஷின் இருக்கிறதே, எஞ்சின் பாகங்களைப் போட்டால் பிசுக்கெல்லாம் தானே போய்விடுமாமே, வாங்கலாமா?" என்பதே அக்கேள்வி. மெக்கானிக்குகள் கேட்கிறார்கள், படகு உரிமையாளர்கள் கேட்கிறார்கள். விற்பனைப் பிரதிநிதிகளோ கேட்காமலேயே வந்து விளக்குகிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயந்திரம் நல்லது, நம் கடற்கரைக்குத் தேவையானதும்கூட. ஆனால் ஆளுக்கொன்று வாங்குவது வீண். பத்துப் பேர் சேர்ந்து ஒன்று வாங்க வேண்டும். அதை விற்கும்போதும் பயன்படுத்தும்போதும் அதனால் ஆகாதவற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அது கக்கும் அழுக்கு நீருக்கு வழி செய்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும். இம்மூன்றும் இல்லையென்றால் வாங்காமல் இருப்பதே மேல்.

பெட்ரோல் தட்டின் உண்மையான விலை

இன்று பட்டறைகளில் பாகம் கழுவும் முறையை நாம் எல்லோரும் அறிவோம். பழைய ஆயில் டின்னை வெட்டிய தட்டு, அதில் பெட்ரோலோ டீசலோ மண்ணெண்ணெயோ அரை லிட்டர், ஒரு பழைய பெயிண்ட் பிரஷ், கொஞ்சம் பனியன் வேஸ்ட். தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் தொழில் பழக வந்த இளைஞர். ரேஷன் மண்ணெண்ணெய் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துபோன பின், பல இடங்களில் பெட்ரோலே கழுவும் திரவமாகிவிட்டது.

பெட்ரோலின் ஆவி பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் தீப்பற்றும் தன்மை உடையது. அப்படியானால் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதன் நிலை என்ன என்று சொல்லவே வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் தீப்பற்றும் நிலை 35 டிகிரி செல்சியசுக்கு மேல் என்பது தர நிர்ணயம். மே மாதத்துத் தகரக் கொட்டகைக்குள் அந்த வெப்பம் சாதாரணமாகவே வந்துவிடும். பக்கத்தில் வெல்டிங் நடக்கும், பேட்டரி சார்ஜ் ஏறும், யாரோ ஒருவர் பீடி பற்றவைப்பார். ஒரு பொறி போதும்; பட்டறையோடு ஒட்டியிருக்கும் நம் கடையும் சேர்ந்து போகும்.

உடல் நலம் இன்னொன்று. இன்றைய பாரத் ஸ்டேஜ் 6 பெட்ரோலில் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம். பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது பல ஆண்டுகளாக நிலைநாட்டப்பட்ட செய்தி. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2025ஆம் ஆண்டில் வாகனப் பெட்ரோலையே மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருட்களின் முதல் வரிசையில் சேர்த்துவிட்டது. நாள் முழுவதும் அதில் கை நனைப்பவர் நம்மிடம் பாகம் வாங்க வருகிற அதே இளைஞர்தான். அவர் நாளைக்குப் பட்டறை வைத்தால் நம் வாடிக்கையாளர். படுத்துவிட்டால் நமக்கும் நஷ்டம் என்று கணக்குப் பேசுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. மனிதாபிமானம் என்று சொல்லிவிட்டாலே போதும்.

நகைக்கடைக்காரருக்குத் தெரிந்த விஷயம்

இந்த இயந்திரம் நம் கடைவீதிக்குப் புதியதல்ல. நகைக்கடையில் பழைய வளையலையும் கல் வைத்த தோட்டையும் ஒரு சிறிய தொட்டியில் போட்டு, சில நிமிடங்களில் பளபளவென்று எடுத்துத் தருவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக் கடையிலும், பல் மருத்துவரிடமும் அதே தொட்டி உண்டு. மோட்டார் பாகத்துக்கு வருவது அதன் அண்ணன். தொட்டி பெரிது, சக்தி அதிகம், அவ்வளவே.

வேலை செய்யும் விதம் எளிது. துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியின் அடியில் சில பீங்கான் வில்லைகள் ஒட்டப்பட்டிருக்கும். மின்சாரம் பாய்ந்தால் அவை நடுங்கும். மின்சாரத்துக்கும் படிக நடுக்கத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். மனிதக் காது வினாடிக்கு 20,000 அதிர்வு வரையில்தான் கேட்கும். இந்த வில்லைகள் வினாடிக்கு 28,000 முதல் 40,000 முறை அதிரும். அதனால்தான் இதைக் கேளா ஒலி என்கிறோம். அந்த அதிர்வில் தொட்டி நீருக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான குமிழிகள் தோன்றித் தோன்றி உடையும். ஒவ்வொரு குமிழியும் உடையும்போது பாகத்தின் மேல் ஒரு சிறு அடி விழும். பிரஷ் நுழையாத துளைக்குள்ளும் அந்த அடி விழும் என்பதுதான் இதன் சிறப்பு.

படகு வைத்திருப்போருக்கு இந்தக் குமிழியின் வேகம் புதிதல்ல. வேகமாகச் சுழலும் விசிறி இலைகளில் அம்மைத் தழும்பு போல் குழிகள் விழுவதைக் காண்கிறார்களே, அதற்கு உப்பு அரிப்பு மட்டும் காரணமில்லை. நீருக்குள் குமிழிகள் உடைவதும் ஒரு காரணம். விசிறியைக் கெடுக்கும் அதே சக்தியை அளவோடு கட்டுப்படுத்தி அழுக்கின் மேல் ஏவிவிடுகிறது இந்த இயந்திரம்.

தொட்டியில் ஊற்றுவது பெட்ரோல் அல்ல, தண்ணீரும் அதற்குரிய கழுவு திரவமும்தான். 50 முதல் 60 டிகிரி வரை சூடாக்கினால் கிரீஸ் இளகி வேலை சுளுவாகும். இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். "பெட்ரோலில்தானே கழுவினோம், அதையே இதில் ஊற்றுவோம்" என்று யாராவது முற்பட்டால் தடுத்து நிறுத்துங்கள். சூடு, மின்சாரம், பெட்ரோல் ஆவி மூன்றும் ஒரே பெட்டிக்குள் சேர்ந்தால் அது வெடிகுண்டு. மண்ணெண்ணெய், தின்னர், ஸ்பிரிட் எதுவும் கூடாது. இதைத் தமிழில் எழுதி இயந்திரத்தின் மேலேயே ஒட்டிவிட்டு விற்பது நம் பொறுப்பு.

கோடியக்கரைக்கு ஏன் தேவை?

தஞ்சைப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிளின் எஞ்சினில் சேர்வது புழுதியும் ஆயிலும். கோடியக்கரையில் மூன்றாவதாக உப்பு சேர்கிறது. கடற்காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் புழுதியைப் பிடிக்கும். ஆயில் இரண்டையும் சேர்த்துக் குழைக்கும். காய்ந்ததும் அது சிமெண்டுப் பூச்சுப் போல் இறுகிவிடும். பிரஷும் பெட்ரோலும் மேல் பிசுக்கை எடுக்கும், உப்பை எடுக்காது. உப்பு தண்ணீரில்தான் கரையும், பெட்ரோலில் கரையாது. பெட்ரோலில் கழுவிய பாகத்தில் நான்கு நாளில் மீண்டும் வெள்ளை பூப்பதன் இரகசியம் இதுதான். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட முறை நம் கடற்கரைக்குப் பொருந்துகிறது என்று நான் சொல்வதற்கு இதுவே முதற்காரணம்.

இரண்டாவது காரணம், இங்கே ஆண்டு முழுவதும் வேலை உண்டு. ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை கோடியக்கரையில் மீன்பிடி பருவம். வெளியூர் மீனவர்களும் வந்து தங்கித் தொழில் செய்வார்கள். பைபர் படகு எஞ்சின்கள் ஓயாமல் ஓடும். அது ஓயும் கோடையில் உப்பளங்களில் நீர் இறைக்கும் ஆயில் எஞ்சின்களுக்கு வேலை உச்சத்தில் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் நாகப்பட்டினம் பக்கத்து விசைப்படகுகள் கரையேறி எஞ்சின் பிரிப்பார்கள். இவற்றுக்கு நடுவே டி.வி.எஸ். எக்ஸ்.எல். முதல் புல்லட் வரை இரு சக்கர வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். ஒரு பருவம் தூங்கினால் மறு பருவம் விழித்துக்கொள்கிறது. இயந்திரம் சும்மா கிடக்காது.

மூன்றாவது காரணம் வண்டிகளே மாறிவிட்டன. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபின் புதிய வண்டிகளில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்துவிட்டது. இன்ஜெக்டரின் துளைகள் தலைமுடி அளவே இருக்கும். குண்டூசியால் குத்தினால் துளையே கெட்டுவிடும். கேளா ஒலிதான் அதற்கு ஏற்ற வழி. பெட்ரோலில் எத்தனால் கலப்பும் 2025இல் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணம் உடையது. கடலோர ஈரக்காற்றில் நாள்கணக்கில் ஓட்டாமல் நிற்கும் பழைய கார்புரேட்டர் வண்டியின் ஜெட்டில் அடைப்பு வருவதை மெக்கானிக்குகளிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

நான்காவதாக ஒன்று. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம்மைக் கடந்தபோது பட்ட பாட்டை மறக்க முடியாது. கடல் சேறு உப்பளங்களை மூடியது. உப்புச் சேற்றில் நனைந்த எஞ்சினை உடனே பிரித்து நன்னீரில் கழுவாவிட்டால், ஓரிரு வாரத்தில் பேரிங்கும் சிலிண்டரும் துருப்பிடித்துப் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். அப்படி ஒரு நாள் மீண்டும் வரக்கூடாது என்று வேண்டுவோம். வந்தால் நூற்றுக்கணக்கான எஞ்சின்களை வேகமாகச் சுத்தம் செய்யும் வசதி ஊரில் ஒன்றாவது இருக்க வேண்டாமா?

இயந்திரத்தால் ஆகாதவை

விற்பனைப் பிரதிநிதிகள் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை. எனவே நாம் சொல்லியாக வேண்டும்.

அலுமினிய பாகத்தில் வெள்ளையாகப் பூத்திருப்பது அழுக்கல்ல, உப்பு அரித்த உலோகம். இயந்திரம் அந்த வெள்ளையை ஓரளவு நீக்கும். அரித்துப்போன உலோகத்தைத் திருப்பித் தராது. கழுவியபின் குழிகள் முன்னைவிடத் தெளிவாகத் தெரியும். "மெஷின் என் கார்புரேட்டரைத் தின்றுவிட்டது" என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். போடுமுன்பே அவரிடம் பாகத்தைக் காட்டிச் சொல்லிவிடுவது நல்லது.

பிஸ்டன் தலையிலும் வால்விலும் எரிந்து இறுகிய கரியை ஒரே முறையில் எடுக்காது. ஊறப்போட்டு, இரண்டு மூன்று முறை ஓட்டி, மரக் குச்சியால் சுரண்டவும் வேண்டியிருக்கும். பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டியின் சைலன்சர் கரிக்குக் காரச் சோடா ஊறல் போடும் பழக்கம் உண்டு. அந்தக் காரச் சோடாவை இந்தத் தொட்டியில் கலந்துவிடாதீர்கள். அலுமினிய ஹெட்டையும் கார்புரேட்டர் உடலையும் அது கரைத்துவிடும்.

ரப்பர் டயபிரம், பிளாஸ்டிக், பெயிண்ட் அடித்த பாகம் ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிட வேண்டும். மூடிய பேரிங்கைப் போட்டால் உள்ளிருக்கும் கிரீஸ் போய்த் தண்ணீர் குடியேறும். இன்ஜெக்டரை முழுவதுமாக மூழ்கடிக்கக் கூடாது, முனை மட்டுமே நனைய வேண்டும். படகு எஞ்சினின் டீசல் நாசிலைக் கழுவினால் மட்டும் போதாது. பீச்சும் அழுத்தத்தைப் பம்ப் கடையில் சோதித்துச் சரிசெய்தே தீர வேண்டும். கிராங்க் ஷாப்டின் ஆயில் வழிகளில் இளகிய மண்ணைக் காற்றடித்து வெளியேற்றாமல் விட்டால், எஞ்சின் ஓடிய முதல் நாளே பேரிங்கைத் தின்றுவிடும்.

நம் ஊருக்கென்றே இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, உப்பு அப்பிய பாகத்தை நேராகத் தொட்டியில் போடக்கூடாது. முதலில் வாளி நன்னீரில் அலசி, மண்ணைச் சுரண்டிவிட்டுப் போட வேண்டும். இல்லாவிட்டால் அந்த உப்பே நாளடைவில் எஃகுத் தொட்டியில் ஊசிக் குழி போட்டு ஒழுகவிடும். இரண்டு, வெளியே எடுத்த இரும்புப் பாகத்தை அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போகக்கூடாது. பிசுக்கு முற்றிலும் போன இரும்பு கடற்காற்றில் சில மணி நேரத்திலேயே செம்மை தட்டும். நன்னீரில் அலசி, காற்றடித்து உலர்த்தி, உடனே ஆயில் தடவ வேண்டும். உப்பு நிலத்தடி நீர் உள்ள இடத்தில் இந்த நன்னீரும் ஒரு செலவுதான். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வியாபாரி என்றால் கடைசியில் கணக்குத்தானே. நகைக்குரிய சிறு தொட்டி சில ஆயிரங்களில் கிடைக்கும். ஆனால் அதில் கார்புரேட்டர் ஒன்றுதான் போகும், சிலிண்டர் ஹெட் போகாது. பட்டறைக்குரிய பெரிய தொட்டி விலை அதிகம். எடுத்துக்காட்டாக ஒன்று 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தொட்டி கழுவ 60 ரூபாய் கூலி. நாளுக்கு 4 தொட்டி, மாதம் 25 நாள் என்றால் 100 தொட்டி, வரவு 6,000 ரூபாய். கழுவு திரவம், மின்சாரம், நன்னீர், கவனிக்கும் ஆளின் பகுதிச் சம்பளம், கழிவு அகற்றல் எல்லாம் சேர்ந்து 4,000 ரூபாய் என்றால் மிச்சம் 2,000. இருபது மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும்.

அதே இயந்திரத்தை ஒரு பட்டறைக்காரர் தனியே வாங்கினால் நாளுக்கு இரண்டு தொட்டி வேலை கூட வராது. வரவு 3,000 ஆகக் குறையும். ஆள் சம்பளமும் பராமரிப்பும் அப்படியே நிற்கும். மிச்சம் ஒன்றும் இராது, கையைக் கடிக்கும். ஆறு மாதத்தில் இயந்திரம் மூலைக்குப் போகும், மீண்டும் பெட்ரோல் தட்டு வெளியே வரும். அதை அவருக்குக் கடனுக்கு விற்ற நம் பாக்கியும் அந்த மூலைக்கே போகும். பத்துப் பேர் தலைக்கு 4,000 போட்டு ஒன்று வாங்கினால் யாருக்கும் சுமை இல்லை. ஊர் கூடித் தேர் இழுப்பது என்பது இதற்கும் பொருந்தும்.

மின்சாரம் பற்றி வீண் பயம் வேண்டாம். பத்து லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ மூன்றில் ஒரு யூனிட் போதும். ஆனால் 300 வாட் ஹீட்டர் என்றால் அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். கடை திறந்ததும் ஹீட்டரைப் போட்டு, வேலைகளைச் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் ஓட்டுவதுதான் சிக்கனம். கூட்டு இயந்திரத்துக்கு இதுவும் ஒரு நியாயம்.

வாங்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். சமையலுக்குப் பயன்படும் மெல்லிய அலுமினியத் தாளை ஓடும் தொட்டியில் ஒரு நிமிடம் தொங்கவிடுங்கள். தாள் முழுவதும் பரவலாகப் பொத்தல் விழுந்தால் இயந்திரம் நல்லது. ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் மறு பக்கத்து வில்லை வேலை செய்யவில்லை என்று பொருள். தாளில் ஒன்றுமே ஆகாவிட்டால் அது வெறும் சுடுதண்ணீர்ப் பாத்திரம். விளம்பரத்தை நம்புவதைவிட இந்தத் தாளை நம்பலாம்.

"பாகம் விற்காமல் போகுமே" என்போருக்கு

நம் உறுப்பினர்களில் சிலர் வெளிப்படையாகவே கேட்கிறார்கள்: "பழைய பாகத்தைக் கழுவி மாட்டிக்கொண்டால் புதிய பாகம் யார் வாங்குவார்? நம் கையாலேயே நம் கண்ணைக் குத்துவதா?" நியாயமான அச்சம்தான். அலட்சியப்படுத்தக்கூடாது.

ஆனால் நடப்பதைக் கவனியுங்கள். அடைத்த கார்புரேட்டரோடு வந்தவருக்குப் புதிய கார்புரேட்டர் விலையைச் சொன்னால் அவர் வாங்குகிறாரா? பலர் வண்டியையே தள்ளிவைத்துவிடுகிறார்கள். சிலர் கைப்பேசியில் விலை குறைந்த சரக்கைத் தேடி ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். அதே வண்டியைக் கழுவிச் சரிசெய்தால் கேஸ்கட், ஓரிங், ஆயில், பிளக், பில்டர், செயின் ஸ்ப்ரே எல்லாம் நம் கடையில்தான் வாங்கியாக வேண்டும். ஓடும் வண்டிக்குத்தான் டயர் தேய்கிறது, பிரேக் ஷூ தேய்கிறது. மூலையில் நிற்கும் வண்டி நமக்கு ஒரு காசும் தராது.

இன்னொன்றும் உண்டு. நன்றாகக் கழுவிய பாகத்தில்தான் விரிசலும் தேய்மானமும் தெரியும். பிசுக்குக்குள் மறைந்திருந்த விரிசல் வெளியே வந்தால் புதிய பாகத்தை வாடிக்கையாளரே கேட்டு வாங்குவார். அங்கே விற்பனை நம்பிக்கையோடு நடக்கும்.

பளபளப்பை வைத்து ஏமாற்றுவோர்

இந்த இயந்திரம் வந்தால் கூடவே ஒரு தீமையும் வரும். கழுவிய பழைய பாகம் பார்ப்பதற்குப் புதிது போல் இருக்கும். அதைப் புதிய டப்பாவில் போட்டுப் புதிய விலைக்கு விற்க ஆசைப்படுபவர் எந்தத் தொழிலிலும் இருப்பார். கடலில் பத்து மைல் தள்ளி எஞ்சின் நின்றுபோனால் படகில் இருக்கும் நான்கு பேர் உயிருக்கு யார் பொறுப்பு? இதை வெறும் கலப்படம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இதைக் கேட்கும் என்பது ஒரு பக்கம். அதற்கு முன்னால் நாமே கேட்க வேண்டும். பழைய பாகம் விற்பது தவறல்ல. நம் ஊரில் அதற்குத் தேவையும் இருக்கிறது. "பழையது, கழுவியது" என்று பில்லில் எழுதி, தனி அலமாரியில் வைத்து, தனி விலைக்கு விற்க வேண்டும். எழுதாமல் விற்பவர் நம்மவரே ஆனாலும் தட்டிக்கேட்க வேண்டும். ஒருவர் செய்யும் தவறு கடைவீதி முழுவதன் பெயரையும் கெடுத்துவிடும்.

அழுக்கு நீர் எங்கே போகும்?

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இக்கேள்விதான். பெட்ரோல் தட்டில் மிஞ்சுவது அரை லிட்டர். இயந்திரத்தில் மிஞ்சுவது தொட்டி தொட்டியாகக் கறுத்த நீர். அதில் ஆயிலும் கிரீசும் உலோகத் தூளும் கழுவு திரவமும் கலந்திருக்கும். கழுவு திரவம் ஆயிலை நீரோடு பால் போல் கலந்துவிடுவதால் சும்மா வைத்திருந்தால் முழுவதும் பிரியாது. மேலே மிதப்பதை வழித்தாலும் மீதி கலந்தே நிற்கும்.

இதைச் சாக்கடையில் ஊற்றினால் எங்கே போகும்? சாக்கடை வாய்க்காலில் சேரும், வாய்க்கால் சதுப்பில் சேரும், சதுப்பும் உப்பளமும் ஒரே நீரைக் குடிப்பவை. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்து உப்புக்குப் பெயர் பெற்றது வேதாரண்யம். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்துவந்த தொண்டர்கள் கைநிறைய அள்ளியது இந்த மண்ணின் உப்பைத்தான். அந்த உப்பில் எஞ்சின் ஆயில் வாடை அடித்தால் வாங்குவோர் யார்? உப்பு வியாபாரிகளும் நம் சங்க உறுப்பினர்கள்தானே.

உப்பளத்தைத் தாண்டினால் சரணாலயம். 1967 முதல் கோடியக்கரை வன உயிரினச் சரணாலயம் வெளிமான்களுக்கும் பறவைகளுக்கும் அடைக்கலமாக இருக்கிறது. 2002இல் சுமார் 38,500 ஹெக்டேர் பரப்புக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. குளிர்காலத்தில் வரும் பூநாரைகளைப் பார்க்க வருவோரால் நம் ஓட்டல்களும் பெட்டிக்கடைகளும் நாலு காசு பார்க்கின்றன. பறவையின் சிறகில் ஆயில் பட்டால் அது நீரில் நனைந்து குளிரில் விறைத்துவிடும்.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் பழைய ஆயில் ஒரு அபாயகரக் கழிவு. பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடமே அது போய்ச் சேர வேண்டும். தனித்தனியாக ஒவ்வொரு பட்டறையும் ஒரு டின் கழிவை வைத்துக்கொண்டு யாரைத் தேடிப் போகும்? ஒரே இடத்தில் இயந்திரம் இருந்தால் ஒரே இடத்தில் டிரம் இருக்கும். டிரம் நிறைந்தால் எடுத்துச் செல்ல ஆள் வருவார். கூட்டாக வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு, லாபக் கணக்கைவிட இந்தக் கழிவுக் கணக்கே பெரிய காரணம்.

செய்ய வேண்டியவை

பேசிக்கொண்டே இருப்பதால் பயனில்லை. சங்கத்தின் முன் இந்த யோசனைகளை வைக்கிறேன்.

1. வேதாரண்யத்திலோ கோடியக்கரைச் சாலையிலோ, வாய்க்காலுக்கு அருகில் இல்லாத ஓர் இடத்தில், உதிரிபாக வியாபாரிகளும் பட்டறையாளர்களும் பங்கு போட்டு ஒரு பெரிய இயந்திரம் நிறுவ வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள உறுப்பினர் பெயரில், தொழிலுக்கு என்று முறையான பில்லோடு வாங்கினால் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம்; ஆடிட்டரைக் கலந்துகொள்ளுங்கள். பங்குக்குப் பணம் இல்லாத பட்டறையாளருக்கு 50,000 ரூபாய் வரையிலான முத்ரா சிசு கடன் இருக்கிறது.

2. கழுவுவதற்கு வரும் ஒவ்வொரு பாகத்துக்கும் டோக்கன் எண், ஒரு நோட்டில் பதிவு, முன்னிருந்த சேதம் பற்றிய குறிப்பு, உரிமையாளரின் கையெழுத்து இருக்க வேண்டும். கூலி ரொக்கம், கடன் வேண்டாம். உறுப்பினருக்கும் வெளியாருக்கும் ஒரே விலை.

3. அலுமினியத்துக்குப் பாதுகாப்பான கழுவு திரவத்தை மட்டுமே வாங்க வேண்டும். இயந்திரத்தைக் கவனிப்பவருக்குக் கையுறையும் கண்ணாடியும் தர வேண்டும். ஓடும் தொட்டியில் கை விடக்கூடாது. மூடியைப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

4. கறுத்த நீருக்கும் ஆயிலுக்கும் தனித்தனி மூடிய டிரம்கள். எந்த நாளில் எவ்வளவு சேர்ந்தது, யார் எடுத்துச் சென்றார் என்பதை எழுதி வைக்க வேண்டும். டிரம் வைக்க இடமில்லாவிட்டால் இயந்திரமும் வேண்டாம்.

5. கழுவிய பழைய பாகங்களுக்கு மேலே சொன்ன பில் விதியைச் சங்கத் தீர்மானமாகவே நிறைவேற்ற வேண்டும்.

இவற்றில் மூன்றாவதையும் நான்காவதையும் செலவு என்று நினைத்து வெட்டிவிடச் சிலர் சொல்லக்கூடும். அவற்றை வெட்டினால் மிஞ்சுவது விலை உயர்ந்த ஒரு பெட்ரோல் தட்டுதான். பட்டறை இளைஞரின் கையைக் காப்பாற்றிவிட்டு உப்பளத்துக்காரரின் வாயில் மண்ணைப் போடுவது வியாபாரமாகாது.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளோர் கட்டாயம் வந்து பேச வேண்டும். முதல் பங்கு போட நான் தயார். இன்னும் ஒன்பது பேர் தேவை.